ராஜபாளையத்தில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டும் சில நாட்டுநாய்ப் பற்றாளர்களும்

ரொம்ப நாள் கழித்துக் கொஞ்சம் காரமாக ஒரு பதிவு. நாய் பிடிக்காதவர்கள் இப்போதே அப்பீட் ஆகிக்கொள்ளலாம். நாய் பிடித்தவர்கள் பாதியில் என்னைத் திட்டிவிட்டு அப்பீட் ஆவீர்கள். ஆக மொத்தம் இன்றைக்குக் கூட்டம் கம்மிதான் :-)

மேட்டர் இதுதான். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். தினமும் வேலைக்குப் போவது ராஜபாளையத்துக்கு. நடுவில் 12 கிலோமீட்டர் சொச்சம். எங்கள் வீட்டில் இருப்பது ஜெர்மன் ஷெப்பர்ட், பெட்டை, பேர் ரீட்டா. உலகத்துக்கே தெரிந்த ஒரு நாய்க்குத் தன் பேரைக் கொடுத்த ஊரில் சோறு தின்றுகொண்டு சீமை நாய் வளர்ப்பதால் நான் துரோகியாம். டீக்கடையில் சொன்னார்கள், சிரித்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார்கள், ரசம் கேட்டேன். போன மாதம் ஒருத்தர் வாட்ஸப்பில் என் பேரையே போட்டு "இவனை மாதிரி ஆளுங்களாலதான் நம்ம இனம் அழியுது" என்று எழுதி, கீழே பால்வெள்ளையில் ஒரு ராஜபாளையம் படமும் போட்டிருந்தார். அந்தப் படத்தில் இருந்த நாயின் மூக்கு ரோஜாப்பூ கலர். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்க.

முதலில் ஒன்று. நாட்டு நாய்க்கு மதிப்பு வந்தது எனக்கு சந்தோஷம்தான். 2005 ஜனவரியில் இந்தியத் தபால் துறை நாலு நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல், அப்புறம் நம்ம ராஜபாளையம். அப்போது இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டுக் கோழி வரிசையில் நாட்டு நாயும் வண்டி ஏறியது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பேர் சொல்லி, அடுத்து நாய் வாங்கினால் இந்திய இனமாக வாங்குங்கள் என்றார். ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் கர்னாலில் இருக்கிற மத்திய அரசு நிறுவனம் தனி இனம் என்று பதிவு எண்ணே கொடுத்துவிட்டது. எல்லாம் நல்லதுக்கே. ஆனால் அதன்பிறகு நடந்தது என்ன? விலை ஏறியது. போர்டு ஏறியது. யூடியூப்காரர்கள் வந்து இறங்கினார்கள். "பாளையக்காரர் படையில் வெள்ளைக்காரனைக் கடிச்ச நாய்" என்று ஆளாளுக்கு வசனம் விட்டார்கள். வெள்ளைக்காரனைக் கடித்ததோ இல்லையோ, இன்றைக்கு அந்த நாய்க்குக் காது கேட்கிறதா என்று ஒரு ஆளும் கேட்கவில்லை.

சரி, முதலில் என் வீட்டுக் குற்றவாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன் ஷெப்பர்ட் ஆதிகாலத்து நாய் ஒன்றும் கிடையாது. நம்ம ஊர் நாயோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது. 1899-இல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்ற ஒரு முன்னாள் குதிரைப்படை கேப்டன், கார்ல்ஸ்ரூஹ நகரத்தில் நடந்த ஒரு நாய்க் கண்காட்சியில் ஒரு ஆட்டு நாயைப் பார்த்து அங்கேயே வாங்கினார். ஹோராண்ட் என்று பேர் வைத்தார். அதே ஏப்ரல் மாதம் அந்த நாய்க்காக ஒரு சங்கமும் ஆரம்பித்துவிட்டார். இன்று உலகம் பூராவும் இருக்கிற ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு அந்த ஹோராண்ட்தான் ஆதி மூதாதை. (நம்ம பெரிசுகள் இன்னும் "அல்சேசன்" என்றுதான் சொல்வார்கள். அதற்கும் கதை உண்டு. முதல் உலகப்போரில் ஜெர்மனி எதிரி ஆனதால் "ஜெர்மன்" என்ற வார்த்தையே ஆகாமல் போய், பிரிட்டிஷ்காரர்கள் பக்கத்து அல்சேஸ் மாகாணத்தின் பேரை ஒட்டிவிட்டார்கள். 1977-இல்தான் அங்கே பழைய பேருக்குத் திரும்ப இடம் கிடைத்தது. அவன் மறந்துவிட்டான், நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்!)

இதில் நான் மெச்சுகிற விஷயம் வேறு. அந்த கேப்டன் நாய் சேர்த்த காலத்தில் ஜெர்மனியில் ஆட்டு மந்தையெல்லாம் குறைந்துகொண்டிருந்தது. ஆலை வருகிறது, ரயில் வருகிறது, மேய்ச்சல் நிலம் போகிறது. ஆட்டு நாய்க்கு வேலை போகப்போகிறது என்று மனிதர் முன்னாடியே பார்த்துவிட்டார். வேலை போன நாய் வீணாய்ப் போகும் என்று தெரிந்து, போலீசுக்கும் ராணுவத்துக்கும் அதை அழைத்துப் போனார். 1916-இல் ஓல்டன்பர்க் நகரத்தில், போரில் கண் போன சிப்பாய்களுக்கு வழிகாட்ட நாய் பழக்கும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். உலகத்தில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் அதுதான் முதல். அங்கே வேலைக்கு வந்ததும் இதே நாய்தான். 1928-இல் அமெரிக்காவுக்குப் போன முதல் வழிகாட்டி நாய், பட்டி என்று பேர், அதுவும் இதே இனம். ஆடு போனதும் ஆளைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதோடு அந்தச் சங்கம் ஒரு பிடிவாதமும் பிடித்தது. நாய் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் குட்டி எடுக்க விடமாட்டோம். மோப்பம் பிடித்துப் போகத் தெரிய வேண்டும், சொன்ன சொல் கேட்க வேண்டும், ஆளைக் காக்கவும் வேண்டும், விடு என்றால் விடவும் வேண்டும். இதற்கெல்லாம் பரீட்சை. சைக்கிள் பக்கத்திலேயே 20 கிலோமீட்டர் ஓட வேண்டும், அதற்கும் ஒரு பரீட்சை. இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் இந்த இனத்துக்கு இடுப்புக் கோளாறு பரம்பரைச் சொத்து. இதெல்லாம் பாஸ் ஆன அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்தால்தான் குட்டிக்கு மரியாதையான சான்றிதழ். ஆக, ரீட்டாவின் பெருமையில் ஜெர்மன் ரத்தத்துக்கு ஒரு பங்கும் இல்லை. அந்தப் பரீட்சைப் பேப்பருக்குத்தான் முழுப் பங்கும்.

உடனே "பார்த்தியா, சீமை நாய்க்கு ஜால்ரா" என்று பின்னூட்டம் தட்டக் கிளம்பாதீர்கள். பரீட்சையை விட்டால் அந்த நாய்க்கும் இதே கதிதான். 2016-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், பின்முதுகு சறுக்குமரம் மாதிரி சரிந்து, பின்னங்கால் மடங்கி மடங்கி நடந்த ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இனத்தில் முதல் பரிசு கொடுத்தார்கள். அதை டிவியில் பார்த்த ஊர் உலகம் காறித் துப்பியது. நம்ம ஊர் சந்தையில் மட்டும் என்ன வாழ்கிறது? "டபுள் கோட் சார், ஹெவி போன் சார், கேசிஐ பேப்பர் இருக்கு சார்." அந்தப் பேப்பர் அப்பன் யார் ஆத்தாள் யார் என்று சொல்லும். அதற்கு மேல் அதில் ஒன்றும் தேடாதீர்கள். இடுப்பு எக்ஸ்ரே கேட்டால் விற்கிறவர் நம்மை எக்ஸ்ரே பார்வை பார்ப்பார். போலீஸ், ராணுவமெல்லாம் பெல்ஜியன் மாலினாய் பக்கம் சாய்ந்துகொண்டிருப்பது சும்மா இல்லை. அழகுக்கு வளர்த்த நாயை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன பண்ணுவார்கள்?

இப்போது நம்ம நாய்க்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம்.

ராஜபாளையம் நாய்க்கு ஒரு காலத்தில் பரீட்சை இருந்தது. யாரும் பேப்பரில் எழுதவில்லை, அவ்வளவுதான். மேற்கு மலை அடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டை. ஓட முடியாத நாய் பின்தங்கும், பயந்த நாய் திரும்பி வரும், மட்டி நாய் பன்றிக் கொம்பில் குடல் சரிந்து சாகும். மிச்சம் இருந்ததுதான் குட்டி போட்டது. அந்தப் பரீட்சையில் எத்தனையோ தலைமுறை பாஸ் ஆகி வந்த நாய் அது. அதன் நெஞ்சுக்கூட்டையும் ஒட்டின வயிற்றையும் நீளக் காலையும் பாருங்கள், ஓடுவதற்கென்றே செதுக்கின உடம்பு. அப்புறம் 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பின்னால் திருத்தங்கள் வந்தன, வேட்டை நின்றது. நிற்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஸ்ரீவி மலையில் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்து, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. எங்கள் மலையைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

ஆனால் பரீட்சை நின்ற அன்றைக்கு, ஜெர்மன்காரன் செய்ததை நாம் செய்தோமா? அந்த நாய்க்கு வேறு வேலை தேடினோமா? வேறு பரீட்சை வைத்தோமா? சைதாப்பேட்டையில் அரசாங்கம் நாட்டு நாய்களுக்கு ஒரு இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது, அது ஒரு பக்கம் நடந்தது. ஊரில் நாம் என்ன செய்தோம்? கேட்டில் கட்டினோம். கட்டிப்போட்ட நாயில் என்ன தெரியும்? கலர்தான் தெரியும். ஆக கலரே பரீட்சை ஆனது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ரோஸ் இமை. உடம்பில் ஒரு திட்டு இருந்தால் விலை பாதி. கருப்பிலோ செவலையிலோ குட்டி விழுந்தால் அது கணக்கிலேயே கிடையாது.

இதில் என்ன தப்பு, வெள்ளை அழகுதானே என்பீர்கள். இருங்கள், கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற நிறமிச் செல்கள் இருக்கிறதல்லவா, அதே செல்கள் உள்காதிலும் வேண்டும். உள்காதில் ரத்தக்குழாய் நிறைந்த ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. காதுக்குள் இருக்கும் நீரைச் சரியான பதத்தில் வைத்திருப்பது அதுதான். அந்தப் படலம் உயிரோடு இருக்க நிறமிச் செல்கள் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே படலம் கெட்டுப்போய், ஒலியை வாங்குகிற நுண்முடிச் செல்கள் செத்துப்போகும். திரும்ப வளராது. மருந்து கிடையாது. டால்மேஷியன் நாய்களில் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் பத்துக்குச் சுமார் மூன்றுக்கு ஒரு காதிலோ இரண்டு காதிலோ குறை. ராஜபாளையத்திலும் செவிடு என்பது ஊரறிந்த ரகசியம். கால்நடை டாக்டர்களுக்குத் தெரியும், வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்கு மட்டும் தெரியாது. ரோஸ் மூக்கைத் தேடித் தேடி ஜோடி சேர்ப்பவர், நிறமி இல்லாத நாயைத் தேடித் தேடி ஜோடி சேர்க்கிறார். செவிடு அந்த வண்டியிலேயே கூட ஏறி வருகிறது.

வெள்ளை என்றாலே செவிடா? அதுவும் இல்லை. ஜெர்மன் ஷெப்பர்டிலேயே சுத்த வெள்ளை உண்டு. ஜெர்மன் சங்கம் அதை 1930-களில் கண்காட்சியிலிருந்து தள்ளி வைத்தது. பிறகு அது சுவிஸ் வெள்ளை ஷெப்பர்ட் என்று தனி இனமாகவே ஆகிவிட்டது. அதன் மூக்கைப் பாருங்கள், கன்னங்கரேல் என்று இருக்கும். அங்கே நிறமிச் செல்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, முடியில் கருப்பு ஏறாமல் ஒரு மரபணு தடுக்கிறது, அவ்வளவே. அதற்குக் காது நன்றாகக் கேட்கும். இரண்டும் வெள்ளைதான், ஆனால் வேறு வேறு வெள்ளை. அதனால்தான் அந்த வாட்ஸப் படத்தில் ரோஜாப்பூ மூக்கைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஆனது.

அப்படி ஆனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019-இல் எங்கள் சித்தப்பா ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினார். நல்ல விலை. பேர் வெள்ளையன். பேர் வைத்தோமே தவிர, கூப்பிட்டால் திரும்பாது. வாங்கின இடத்தில் போய்க் கேட்டால், விற்றவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: "அது ராஜ குணம் அண்ணாச்சி. கண்ட நாய் மாதிரி கூப்பிட்டதும் வாலாட்டிட்டு வராது." சித்தப்பாவும் நம்பினார். நம்பினது மட்டுமில்லை, வருகிற போகிற ஆளிடமெல்லாம் "ராஜ குணம்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு சந்தேகம். வெள்ளையன் தூங்கும்போது பின்னால் போய் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. வெள்ளையன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாசம் ஆன நாய், களத்து வாசலில் படுத்திருந்தபோது பின்னால் வந்த டிராக்டர் சத்தம் அதற்குத் தெரியவில்லை. சித்தப்பா இன்றுவரை வேறு நாய் வாங்கவில்லை. செவிட்டைப் பெருமை என்று சொல்லி விற்கிற வியாபாரத்துக்குப் பேர் இனப்பற்று, அதைக் கேட்கிற நான் துரோகி. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

இதில் ஒரு குட்டி விஷயம் முக்கியம். இரண்டு காதும் போன நாயைத் தாம்பாளம் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஒரு காது மட்டும் போன நாயை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. சத்தம் கேட்டால் திரும்பும், எந்தப் பக்கம் என்றுதான் தடுமாறும். பார்ப்பவர்கள் நல்ல நாய் என்பார்கள். ஜோடி சேர்ப்பார்கள். அது தன் பங்குக்குச் செவிட்டைக் குட்டிக்குக் கடத்தும். இதைப் பிடிக்க ஒரே வழி, பிறந்த குழந்தைக்குக் காது டாக்டர்கள் எடுக்கிற பெரா டெஸ்ட் இருக்கிறதே, அதேதான். தலையில் மெல்லிய ஊசி முனை வைத்து, காதில் டிக் டிக் என்று சத்தம் விட்டு, மூளைக்கு மின்சாரம் போகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு காதும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். குட்டிக்கு அஞ்சு வாரம் தாண்டினால் எடுக்கலாம். நம் நாட்டில் 2017-இல் வந்த நாய் வளர்ப்பு விதிகள்படி எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கவே கூடாது. ஆக நடுவில் மூன்று வாரம் இருக்கிறது. திருநெல்வேலியில் 2012-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து காலையில் கிளம்பினால் வேலையை முடித்துக்கொண்டு பொழுதோடு வீடு திரும்பலாம். அங்கே ஒரு கருவி வைக்கச் சொல்லிக் கேட்க நம் நாட்டுநாய்ப் பற்றாளர்களில் எத்தனை பேர் மனு எழுதியிருக்கிறார்கள்? ஸ்டாம்ப் வந்ததற்குப் போஸ்டர் அடிக்கத் தெரிகிறது, தமிழக அரசு 2024-இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை கொண்டுவந்தபோது "சீமை நாயைத் தடை பண்ணிட்டாங்க" என்று குதிக்கத் தெரிகிறது. (ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் மாதிரி குளிர்தேசத்து நாய்களையும் அதில் சொல்லியிருந்தார்கள். அது நியாயமும்கூட.) மனு எழுத மட்டும் கை வராது.

"நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது, அதனாலதான் போலீஸ்ல சேர்க்கல" என்று இன்னொரு கோஷ்டி. இவர்கள் எதிர்ப்பக்கத்து ஆட்கள், சீமை நாய்ப் பிரியர்கள். இவர்களும் என் கட்சி இல்லை. ஆட்டு நாய் என்பது நூறடி தூரத்தில் நிற்கும் மேய்ப்பனின் கையசைவைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த வம்சம். அதன் புத்தியே "அடுத்து என்ன சொல்லப்போற?" என்று நம் முகத்தைப் பார்ப்பது. வேட்டை நாய் அப்படி இல்லை. இரையைக் கண்ணால் பார்த்தால் அதுவே முடிவெடுத்து ஓட வேண்டும். நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் பன்றி அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆக இரண்டையும் ஒரே குச்சியால் பழக்க முடியாது. பழக்கவே முடியாது என்பது சோம்பேறிப் பேச்சு. கர்நாடகத்துக்காரர்களைப் பாருங்கள். முதோல் பக்கத்தில் திம்மாப்பூரில் அந்த இனத்துக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையம் வைத்தார்கள். அங்கிருந்து ராணுவம் குட்டி வாங்கி 2016-இல் மீரட்டில் பழக்க ஆரம்பித்தது. எல்லைப் பாதுகாப்புப் படையும் இறங்கியது. 2024-இல் லக்னோவில் நடந்த அகில இந்திய போலீஸ் திறன் போட்டியில் அந்தப் படையின் ரியா என்ற முதோல் நாய், மோப்பத்தில் முதலிடமும் மொத்தப் போட்டியின் சிறந்த நாய் பட்டமும் வாங்கியது. எதிர்த்து நின்றது 116 சீமை நாய்கள்! அதைப் படித்த அன்றைக்கு நான் ஆபீசில் லட்டு வாங்கிக் கொடுத்தேன். கூடவே வயிற்றெரிச்சலும் இருந்தது, பொய் சொல்வானேன். அந்த இடத்தில் நம்ம வெள்ளையன் வம்சம் நின்றிருக்கலாம். அங்கே காதுள்ள குட்டியைப் பொறுக்கி வேலை கொடுத்தார்கள், இங்கே மூக்கு கலர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாட்டு நாய்க்கு நோயே வராது" என்பவர்களுக்கு ஒரு வரிதான். பார்வோவும் உண்ணிக் காய்ச்சலும் ஆதார் கார்டு பார்த்து வருவதில்லை. ஊசி போடுங்கள்.

"நாய் வளர்த்துப் பிழைக்கிற ஏழை பாழை வயித்துல அடிக்கிறியே" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் மரியாதையாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஓட்டு வீட்டில் ரெண்டு பெட்டை நாய் வைத்து, வருஷத்துக்கு ஒரு ஈத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பீஸ் கட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் தங்கள் சாப்பாட்டில் பாதியை நாய்க்கு வைப்பவர்கள். வெள்ளைதான் வேண்டும் என்று அவர்களிடம் அடம்பிடிப்பது யார்? சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்து இறங்குகிற நாம்தான். திட்டு விழுந்த குட்டிக்கு, கருமூக்குக் குட்டிக்கு நாம் முழு விலை கொடுத்தால் அவர் அதையே வளர்ப்பார். அவர் வயிற்றில் யாரும் அடிக்க வேண்டாம். நாம் கேட்கிற கேள்வியை மாற்றினால் போதும். "மூக்கு என்ன கலர்?" என்பதற்குப் பதில் "காது கேக்குமா? பெத்தவங்க என்ன வேலை பாக்குறாங்க?"

ரீட்டா என்ன கிழித்தது என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். செண்பகத்தோப்புப் போகிற வழியில் எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. அப்பாவுக்கு 71 வயசு, சக்கரையால் கண் பாதிதான் தெரியும். தோப்பை விட்டு வரமாட்டேன் என்கிறார், அம்மா வைத்த மரங்கள். போன் சிக்னல் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ரீட்டாவுக்கு ஒரே ஒரு பாடம்தான் உருப்படியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "தாத்தா எங்க?" என்றால் மோப்பம் பிடித்துப் போய் அவர் இருக்கிற இடத்தில் நின்று குரைக்க வேண்டும். ஆறு மாசம் ஆனது பழக்க, தினம் பத்து நிமிஷம். போன ஆடியில் மோட்டார் ரூம் பின்னாடி வாய்க்காலில் சறுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரை, நானும் தம்பியும் வடக்கே தேடிக்கொண்டிருக்க, தெற்கே கண்டுபிடித்தது அதுதான். சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் ராத்திரி உள்ளேதான் படுக்கும், அவர் கட்டிலுக்குக் கீழே. இந்த வேலைக்கு முகம் பார்க்கிற நாய் வேண்டும், அதனால் ஆட்டு நாய். நாலு ஏக்கரைச் சுற்றி ஓடிக் காக்கிற நாய் வேண்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு, மன்னிக்கவும், காதைப் பார்த்துக்கொண்டு, ராஜபாளையம்தான் வாங்கியிருப்பேன்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்கக் கிளம்புகிற புண்ணியவான்களே, கொஞ்சம் நில்லுங்கள். இரட்டை ரோமக்காரி. சித்திரை வெயிலில் இந்த ஊர் கொதிக்கும்போது காலையில் அஞ்சரைக்கு முன்னால், சாயந்திரம் இருட்டின பிறகு, இப்படித்தான் நடத்தணும். முடியை வழித்துவிட்டால் குளுமையாக இருக்கும் என்று சிலர் மொட்டை அடிக்கிறார்கள். அது வெயிலைத் தடுக்கிற குடையைப் பிடுங்குகிற வேலை, செய்யாதீர்கள். மொட்டை மாடிக் கூண்டில் போட்டுவிட்டு ஆபீஸ் போகிறவர்கள் இந்த நாயை வாங்கவே வாங்காதீர்கள். அதற்கு மூளை ஜாஸ்தி, வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலை கண்டுபிடிக்கும், பெரும்பாலும் உங்கள் சோபாவில். கட்டியே வைத்திருக்கிற நாயை ஒழுங்காக நடத்தி ஓட்டாமல் இருப்பது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், 11-ஆம் பிரிவு. அது சீமை நாய்க்கும் பொருந்தும், ராஜ நாய்க்கும் பொருந்தும். கேட்டில் இரண்டடிச் சங்கிலியில் இனப்பற்றைக் கட்டி வைத்திருக்கிற என் வாட்ஸப் நண்பருக்கு இதைத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

டிஸ்கி 1: நாட்டு நாய்கள் பற்றி உருப்படியாகப் படிக்க விரும்புகிறவர்கள் தியடோர் பாஸ்கரன் எழுதியவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். வசனம் இருக்காது, விஷயம் இருக்கும்.

டிஸ்கி 2: குட்டி விலை கேட்டு யாரும் மெயில் தட்ட வேண்டாம். நான் விற்பதுமில்லை, வாங்கிக் கொடுப்பதுமில்லை. ராஜபாளையம் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், போகும்போது பையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் எடுத்துக்கொண்டு போங்கள். வரும் வழியில் ஸ்ரீவியில் இறங்கினால் பால்கோவா நான் வாங்கித் தருகிறேன்.